16 கோர் போட்டும் வேகம் 3 மடங்குதானா?

கேள்வி: வணக்கம் அண்ணா. பினாங்கில் முதுகலை படிக்கிறேன். 2017 நவம்பரில் இங்கே வந்த வெள்ளத்தை 4000-க்கு 4000 கட்டங்களில் சிமுலேஷன் செய்கிறேன். சி பிளஸ் பிளஸில், எம்பிஐ (பிராசஸ்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பிரதிகள், ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை) வைத்து எழுதியது. ஒவ்வொரு காலப்படியிலும் மாஸ்டர் பிராசஸ் வரிகளைப் பிரித்து அனுப்பி, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 16 கோரில் (பிராசஸரின் கணக்கிடும் அலகுகளில்) 3 மடங்குதான் வேகம். இன்னும் கோர் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பங்கு போட முடியாத வேலை வேகத்துக்கு எப்படி எல்லை வைக்கிறது என்று கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16 கோரில் 3 மடங்கு என்றால், சுமார் 29 சதவீத நேரம் பங்கு போடாத வேலையில் போகிறது. எத்தனை கோர் சேர்த்தாலும் மூன்றரை மடங்கைத் தாண்டாது.

சிக்கல், ஒருவர் பிரித்துக் கொடுக்க மற்றவர்கள் செய்யும் இந்த மாஸ்டர்-வொர்க்கர் அமைப்பில்தான். ஒன்றோடொன்று பேசாத வேலைகளுக்கு, உதாரணமாக வெவ்வேறு மழையளவுக்குத் தனித்தனியாக ஓட்டுவதற்கு, அது அருமையான அமைப்பு. உங்கள் கட்டமோ ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கட்டத்தின் நீர்மட்டத்தைக் கேட்கிறது. அதற்காக முழு வரைபடத்தையும் ஒருவர் கை வழியாகவே போய்வர விடலாமா?

நிலப்பரப்பை ஒரே ஒருமுறை பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அவரவர் பகுதி கடைசிவரை அவரவரிடமே இருக்கட்டும். விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை கோஸ்ட் செல் (அண்டைப் பகுதியின் நகலை வைக்கும் கூடுதல் கட்டங்கள்) வைத்து, அண்டை பிராசஸின் ஓர மதிப்புகளை மட்டும் அதில் வாங்குங்கள்.

எப்படி வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். 16 நீளப் பட்டைகளாக வெட்டினால், நடுவில் இருக்கும் பட்டை இரு பக்கமும் சேர்த்து 8000 மதிப்புகள் வாங்க வேண்டும். 4-க்கு 4 சதுரங்களாக வெட்டினால், நான்கு பக்கமும் சேர்த்தே 4000தான். 64 பிராசஸ் ஆகும்போது பட்டைக்கு அதே 8000. சதுரத்துக்கு வெறும் 2000.

அப்புறம், எம்பிஐ-யின் ஐசெண்ட், ஐரெசீவ் (காத்திருக்காமல் அனுப்பவும் வாங்கவும் சொல்லும் கட்டளைகள்) கொடுத்துவிட்டு உள்பகுதியைக் கணக்கிடுங்கள். ஓரக் கட்டங்களை, பரிமாற்றம் எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஆலுக்குப் பிறகு தொடுங்கள். காலப்படியின் அளவை எல்லோரும் ஒன்றாக முடிவு செய்ய, எல்லாரிடமிருந்தும் மதிப்பு வாங்கி ஒரே விடையை எல்லாருக்கும் தரும் ஆல்ரெடியூஸ் ஒன்று போதும்.

உங்கள் வரைபடத்தில் இன்னொன்று இருக்கிறது. நீர் நிற்காத கட்டங்களை உங்கள் நிரல் தாண்டிப் போகிறது என்றால், கொடிமலைப் பக்கம் கிடைத்த பிராசஸ் சீக்கிரம் முடித்துவிட்டு, ஜார்ஜ்டவுன் தாழ்நிலத்தைக் கணக்கிடுபவருக்காகக் காத்திருக்கும். 64 சிறு சதுரங்களாக வெட்டி, மலையும் தாழ்நிலமும் கலந்து ஆளுக்கு 4 கொடுங்கள். ஓரப் பரிமாற்றம் இரண்டு மடங்கு வரை கூடும். காத்திருப்பு குறைவது அதைவிடப் பெரிய லாபம்.

16 கோரும் ஒரே கணினியில் இருந்தால் முழு 16 மடங்கை எதிர்பார்க்காதீர்கள். இந்த வகைக் கணக்கில் மெமரியிலிருந்து தரவு வரும் வேகம்தான் முதலில் முட்டும். எம்பிஐ-யில் நேரம் அளக்கும் டபிள்யூடைம் வைத்து, கணக்கு, பரிமாற்றம், கோப்பு எழுதுவது மூன்றையும் தனித்தனியாக அளந்து அனுப்புங்கள். கோப்பையும் மாஸ்டர்தான் எழுதுகிறது என்றால், அடுத்துக் கை வைக்க வேண்டியது அங்கேதான்.