மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பகலில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில், ராத்திரி ஆனால் கேம். இரண்டுக்கும் மானிட்டர் மாற்றி மாற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் தைரியமாகக் கேட்கலாம். மாடல் பெயர் மட்டும் கேட்காதீர்கள், இன்று நான் சொல்வது அடுத்த தீபாவளிக்குக் கடையில் இருக்காது.

கேள்வி: அண்ணா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பழைய 60-க்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காசு போச்சா?

பதில்: போகவில்லை தம்பி. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து ரிஃப்ரெஷ் ரேட் (திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண், அதுதான் ஹெர்ட்ஸ்) எவ்வளவு என்று பாருங்கள். புது மானிட்டரைச் செருகினாலும் பல நேரம் அது 60-லேயே உட்கார்ந்திருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் 144 வரவே இல்லை என்றால் கேபிள் பழசாக இருக்கலாம், அல்லது கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பீர்கள் (சிரிக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன்). மாற்றிவிட்டு மவுஸ் அம்பை வேகமாக வட்டமடித்துப் பாருங்கள். 60-ல் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144-ல் 6.9. அம்பின் தடம் நெருங்கி வருவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. 27 இன்ச் 1440பி வாங்கலாமா?

பதில்: புது கேம் விளையாடத்தான் என்றால் வேண்டாம். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனையையும் வரைய வேண்டியது உங்கள் கார்டு, பாவம் அது மூச்சு வாங்கும். 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை வகை), 144 ஹெர்ட்ஸ், ஃபிரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இருந்தால் போதும். காசு மிச்சம் இருக்கிறதே என்று 27 இன்ச் 1080-க்குப் போய்விடாதீர்கள். இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வரும், 24 இன்ச்சில் 92. மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் படித்துப் பாருங்கள், ஞ-வின் சுழி அடைத்துக்கொள்ளும், சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பெட்டியில் 1 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கிறது, நம்பலாமா?

பதில்: எம்பிஆர்டி என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு வாங்கிய எண், புள்ளி நிறம் மாறும் வேகம் இல்லை. புள்ளியை வேகமாக நிறம் மாறவைக்கும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பு மானிட்டர் மெனுவில் இருக்கும், அதை நடு அளவில் வையுங்கள், உச்சத்தில் வைத்தால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெள்ளை நிழல் ஒன்று ஓடும்.

கேள்வி: நாள் முழுக்க டேலியும் எக்செல்லும்தான். சாயங்காலம் கண் எரிகிறது. விலை உயர்ந்த மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மேடம், வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. திரையில் வெற்று வேர்டு பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை டியூப்லைட் மாதிரி தெரிந்தால், தாளும் அதுவும் ஒன்றாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது, ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் செலவு இல்லை. அப்புறமும் வாங்கத்தான் வேண்டும் என்றால் 27 இன்ச் 1440பி, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டோடு. எக்செல்லில் கூடுதல் காலம்கள் ஒரே பார்வையில் தெரிவது தனி சுகம்.

கேள்வி: எச்டிஆர் 400?

பதில்: எச்டிஆர் என்றால் வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வித்தியாசத்தோடு காட்டுவது. ஆனால் இந்த 400 வெறும் ஸ்டிக்கர். உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) மாதிரி சில தகுதிகள் இருந்தால் அந்தச் சான்று கிடைத்துவிடும், இருட்டான பகுதியைத் தனியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் தேவையே இல்லை. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார், நான் போட்டோகிராபர். திரையில் பளிச்சென்று இருக்கும் படம் ஆல்பத்தில் கருத்துப்போய் வருகிறது. பிரிண்ட் போடும் லேபை மாற்றவா, மானிட்டரை மாற்றவா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். என் முதல் ஆல்பம் இப்படித்தான் வந்தது. அரக்கு நிறப் பட்டு, முந்தானை மடிப்புக்குள் ஜரிகை திரையில் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது, பிரிண்டில் அந்த இடம் வெறும் கரும் திட்டு. லேப்காரரிடம் சண்டைக்கே போனேன், தப்பு என்னுடையது. மானிட்டர் கடையிலிருந்து வரும்போது 250, 300 நிட்ஸில் எரியும், அதில் எல்லாப் படமும் வெளிச்சமாகத்தான் தெரியும், நாமும் போதும் என்று விட்டுவிடுகிறோம். காகிதம் தானாக எரியாதே! பிரிண்டுக்கு எடிட் செய்யும்போது 80 முதல் 120 நிட்ஸுக்குள் வையுங்கள், மேலே சொன்ன தாள் சோதனையே கிட்டத்தட்ட அங்கே கொண்டுபோய்விடும். சரியாகச் செய்ய ஸ்பைடர் மாதிரி ஒரு காலிபிரேஷன் கருவி வேண்டும், நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றவிடலாம்.

புது மானிட்டர் என்றால் ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிறப்பரப்பு அளவுகோல்) முழுதாக. '120 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருந்தால் உஷார், அது பரப்பளவுக் கணக்காக இருக்கலாம், ஒரு பக்கம் வெளியே வழிந்து இன்னொரு பக்கம் குறைந்திருந்தாலும் கூட்டினால் 120 வரும். நிறப்பரப்பு அதிகமுள்ள திரையில் எஸ்ஆர்ஜிபி மோடு போடாமல் வேலை செய்தால் மணப்பெண் முகம் வெயிலில் நின்றவள் போல் சிவந்து தெரியும், நீங்கள் சிவப்பைக் குறைப்பீர்கள், ஆல்பத்தில் சோகை பிடித்தவளாக வருவாள்.

கேள்வி: ஓலெட் வாங்கினால் ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் ஆகுமா?

பதில்: பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை ஓலெட். கேமுக்கும் படம் பார்க்கவும் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் ஒரே டாஸ்க்பார் ஒரே இடத்தில் நின்றால் நாளடைவில் அதன் தடம் படியலாம். டேலி மேடம், உங்களுக்கு இது வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. செய்தி படிப்பார், யூடியூப் பார்ப்பார். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும்.

பதில்: மேலே நான் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்ட அதே 27 இன்ச் 1080பி. அப்பா நாற்காலியைத் தள்ளிப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துதான் பார்ப்பார், அந்தத் தூரத்தில் புள்ளி தெரியாது, எழுத்து மட்டும் பெரிதாகத் தெரியும்.