எலெக்ட்ரான் கற்றை எழுப்பும் பிளாஸ்மா அலை பிறகு என்னவாகிறது?

பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியான காந்தக்கோளத்தில் எலெக்ட்ரான் கற்றைகள் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவில், அலைகளை எழுப்புவது எப்படி என்றும், எழுந்த அலை பிறகு என்னவாகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதிக்கான விடை பாடநூல்களிலேயே கிடைக்கும். சமநிலையிலுள்ள பிளாஸ்மாவில், வேகம் கூடக்கூட எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். ஓர் அலையைவிடச் சற்று மெதுவாகச் செல்லும் எலெக்ட்ரான்கள் அதனிடமிருந்து ஆற்றலைப் பெறுகின்றன, சற்று விரைவானவை தருகின்றன. பெறுபவையே அதிகம் என்பதால் அலை தேய்கிறது. 1946இல் இயற்பியலாளர் லாண்டாவ் கணக்கிட்டுக் காட்டிய தணிவு இதுவே. துருவ ஒளி தோன்றும் பகுதிக்கு மேலே காந்தப்புலக் கோடுகளின் வழியே முடுக்கப்பட்ட ஒரு கற்றை வந்து சேரும்போது, எந்த வேகத்தில் எத்தனை எலெக்ட்ரான்கள் என்று காட்டும் வேகப் பரவலின் வால் பகுதியில் ஒரு மேடு உருவாகி, அதன் ஏறுசரிவில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: அங்கே தருபவை மிகுதி, ஆகவே அலை வளர்கிறது. கன சென்டிமீட்டருக்கு ஓர் எலெக்ட்ரான் உள்ள இடத்தில் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 9 கிலோஹெர்ட்ஸ்.

இரண்டாம் பாதியே என்னை அதிகம் ஈர்ப்பது. அலை வலுத்ததும் தன்னை வளர்த்த எலெக்ட்ரான்களையே சிறைப்பிடிக்கத் தொடங்குகிறது; அவை அலையின் மின்னழுத்தப் பள்ளங்களில் சுழல, அந்தச் சுழல்கள் ஒன்றோடொன்று இணைந்து, இறுதியில் எலெக்ட்ரான் குறைவுபட்ட, நேர் மின்னழுத்தம் கொண்ட தனித்தனித் துளைகளாக எஞ்சுகின்றன. காந்தக்கோளம் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீண்டு கிடக்கும் காந்த வாலில் பல ஆண்டுகளாக 'அகன்ற அலைவரிசை மின்நிலை இரைச்சல்' என்று பதிவானதன் பெரும்பகுதி இத்துளைகளே. 1992இல் ஏவப்பட்ட ஜியோடெயில் விண்கலம் மின்புலத்தின் அலை வடிவத்தையே நேரடியாகப் பதிவுசெய்தது. அதைக் கொண்டு 1994இல் மட்சுமோட்டோ குழுவினர், அது இரைச்சலே அன்று, அடுத்தடுத்துக் கடந்துபோகும் கூரிய துடிப்புகளின் வரிசை என்று காட்டினர். குறுகிய துடிப்பு ஒன்றில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும் என்பதால், அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் சராசரியாக்கப்பட்ட நிறமாலையில் அது இரைச்சலாகவே தெரியும். எனவே இத்துறைக்கு வருபவர்கள் நிறமாலையைத் திறக்கும் முன் அலை வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வடிவம் தரும் தகவலும் சிறிதன்று. துளையின் இருபுறமும் மின்புலம் வெளிநோக்கியே இருப்பதால், அது கருவியைக் கடக்கையில் காந்தப்புலத்துக்கு இணையான மின்புலம் முதலில் துளை செல்லும் திசையிலும் உடனே அதற்கு எதிர்த்திசையிலும் பதிவாகும். ஆகவே ஒரே ஒரு விண்கலத்தின் தரவிலிருந்தே துளை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்; அதன் வேகமும் அளவும் வேண்டுமானால், 2015இல் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் திட்டத்தின் நான்கு விண்கலங்களைப் போல, அருகருகே பறக்கும் கருவிகள் பெரிதும் உதவும்.