விஷ மண்ணைத் தோண்டுகிற வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படித்த பெண், நிலத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் வேலைக்காகப் பழைய தொழிற்சாலை நிலத்தில் மண் அள்ளப் போவதா என்பது ஒன்று, அந்த மண்ணில் விஷம் இருக்குமே என்பது இன்னொன்று. முதல் கவலையை இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டாவது நியாயமான கவலை. அதை வேலை தரும் நிறுவனத்திடமே நேராகக் கேட்க வேண்டும்.

மண் அள்ளுவது என்று சொல்கிறீர்களே, அதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். அந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது, எரிபொருள் தொட்டி எங்கே புதைந்திருந்தது, கழிவை எந்த மூலையில் கொட்டினார்கள் என்று பழைய வரைபடங்களைப் புரட்டி, அங்கே வேலை பார்த்தவர்களை விசாரித்து, அதை வைத்துத்தான் எங்கே எவ்வளவு ஆழம் துளையிடுவது என்று முடிவு செய்வார்கள். முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல். பெட்ரோல் தொட்டி இருந்த இடம் என்றால் பென்சீன் வகையறா. மரத்துக்கு மருந்தடித்த கூடம் என்றால் ஆர்சனிக். உங்கள் மகள் படித்த வேதியியலுக்கு இங்கேதான் வேலை.

அப்புறம் துளையிட்டு மண் மேலே வந்ததும் அவசரம் தொடங்கும். பென்சீன் போல ஆவியாகிப் போகிற பொருளைத் தேடுகிறோம் என்றால், மண்ணைக் கிளறாமல் கலக்காமல் உடனே சிறு குப்பியில் அடைத்து மூடி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும், வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தாலும் தேடுகிற பொருள் காற்றோடு போய்விடும். அதே மண்ணில் இன்னொரு பகுதியைப் பையில் பாதி நிரப்பி, வாயைக் கட்டி, உள்ளே மண்கட்டிகளை உடைத்துவிட்டு, சில நிமிடம் கழித்து, ரசாயன ஆவியை அளக்கும் பி.ஐ.டி. மீட்டரின் முனையை உள்ளே விட்டு, அது காட்டும் உச்ச அளவைக் குறித்துக்கொள்வார்கள். உலோகங்களுக்கு எக்ஸ் கதிரை வைத்து அளக்கும் கையடக்கமான எக்ஸ்.ஆர்.எஃப். கருவி இருக்கிறது, மண் மேல் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் ஈயம் எவ்வளவு என்று சொல்லிவிடும்.

இந்தக் கருவிகள் சொல்வதை அப்படியே நம்புகிற பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படாது. பி.ஐ.டி. மொத்த ஆவியைத்தான் காட்டும், அது பென்சீனா வேறு எதுவா என்று சொல்லாது, மீத்தேனைக் கண்டுகொள்ளவே செய்யாது. பக்கத்தில் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலோ, லேபிள் எழுதுகிற மார்க்கர் பேனா திறந்து கிடந்தாலோகூட எண் ஏறிவிடும். எக்ஸ்.ஆர்.எஃப்.புக்கு ஈர மண் என்றால் அளவு குறைத்துக் காட்டும். ஈயம் அதிகமாக இருக்கிற இடத்தில் ஆர்சனிக் கணக்கு தடுமாறும், இரண்டின் சிக்னலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுவதால். குரோமியம் இருக்கிறது என்று சொல்லும், அது ஆபத்தான ஆறு இணைதிறன் வகையா என்று சொல்லாது. களத்தில் செய்கிற சோதனை, எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது, இன்னும் தோண்டணுமா என்று முடிவெடுக்கத்தான். மீட்டர் பூஜ்யம் காட்டியது, நிலம் சுத்தம் என்று எழுதுகிறவர் இந்தத் துறையில் நிலைக்க மாட்டார்.

அதனால் மதிப்பெண்ணை விடவும் அவள் சுபாவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை, ஒவ்வொரு துளைக்கும் நடுவில் கருவிகளைக் கழுவுதல், குப்பியில் எண், ஆழம், நேரம், அப்புறம் குப்பி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கையெழுத்தோடு ஒரு படிவம். மாலையில் உடம்பு சோர்ந்து கிடக்கும்போது இருபதாவது குப்பிக்கும் இதை முதல் குப்பிக்குச் செய்த மாதிரியே செய்வாளா? வழக்கு என்று வந்தால் அந்தப் படிவத்தில் ஒரு இடைவெளி போதும், முடிவையே கேள்வி கேட்பார்கள். சலிப்பு சீக்கிரம் வருகிற பிள்ளை என்றால் ஆய்வகப் பக்கம் போகலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கேயும் இதே கதைதான்.

சரி, பாதுகாப்பு. நேர்காணலில் அவளே கேட்கட்டும்: அந்த நிலத்துக்கென்று எழுதிய பாதுகாப்புத் திட்டம் உண்டா, துளையிடும் முன் மின்கேபிள், எரிவாயுக் குழாய் எங்கே என்று பார்ப்பது யார், பயிற்சி எத்தனை நாள், தனியாக அனுப்புவார்களா, சுவாசக் கவசம் யார் செலவு, மீட்டரில் எந்த அளவு வந்தால் வேலையை நிறுத்துவார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு எண் சொல்லத் தெரியாமல் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சிரிக்கிற இடத்துக்கு, எவ்வளவு சம்பளம் தந்தாலும் போக வேண்டாம். மண்ணை மோந்து பார்ப்பது, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது இரண்டும் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் நீங்களும் சொல்லி வையுங்கள்.

காலம் முழுக்கக் குழியருகே நிற்க வேண்டியதில்லை. சில வருடம் களத்தில் இருந்தவர்கள் அறிக்கை எழுதுவது, ஆபத்து மதிப்பீடு, திட்ட மேலாண்மை என்று நகர்ந்துவிடுகிறார்கள். அதற்கு இப்போதே புள்ளியியலும் ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். களத்துக்கே போகாமல் நேராக அறிக்கை எழுதப் போவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதிரி எடுக்கத் தெரியாதவருக்கு ஆய்வக அறிக்கையில் எந்த எண்ணைச் சந்தேகிப்பது என்று பிடிபடாது.

வேலையில் சேரும் முன் ஒரு முழு உடல் பரிசோதனை, இரத்தத்தில் ஈயத்தின் அளவு உட்பட, எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பின்னால் எடுக்கிற பரிசோதனையை ஒப்பிட அது வேண்டும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்குமா என்பதையும் நேர்காணலிலேயே கேட்டுவிடலாம்.