புதிதாக வந்தவருக்கு எந்த சிம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில வாரங்களே ஆன தம்பிகளுடையவை. எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: குறைந்த செலவில் எந்த சிம் வாங்குவது? எழுதும்போது மூன்று விவரம் சொல்லுங்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். என்ன ஃபோன், எந்த விடுதி, ஊருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீர்கள். இம்முறையும் பாதிப் பேர் எழுதவில்லை.

வந்து இரண்டு வாரம் ஆகிறது. ப்ரீபெய்ட் எடுப்பதா, போஸ்ட்பெய்ட் எடுப்பதா? (துவாஸ்)

முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு ப்ரீபெய்ட் போதும். உங்களுக்கு எவ்வளவு டேட்டா தேவைப்படும், எந்த இடத்தில் வேலை அமையும் என்று அதற்குள் தெரிந்துவிடும். இன்றைய நிலவரத்தில் சுமார் 10 முதல் 15 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். வாங்கும்போது வேலிடிட்டியைப் பாருங்கள். 28 நாள் திட்டமென்றால் வருடத்தில் 13 முறை பணம் கட்ட வேண்டும். 9 விழுக்காடு பொருள் சேவை வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். டேட்டா தீர்ந்த பிறகு மெயின் பேலன்ஸிலிருந்து காசு போகுமா என்பது அடுத்த கேள்வி. போகும் என்றால், அந்த வசதியை அங்கேயே, கடைக்காரர் கண்முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

புது ஃபோனோடு சேர்த்து 24 மாத ஒப்பந்தம் போடச் சொல்வார்கள். வேண்டாம். உங்கள் வேலை பெர்மிட்டே அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான் தருவார்கள். நடுவில் கம்பெனி உங்களைத் திருப்பி அனுப்பினாலும் ஒப்பந்தத்தை முறித்ததற்கான தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

100 ஜிபி, 300 ஜிபி என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. எனக்கு எவ்வளவு தேவை? (கிராஞ்சி)

வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரம் பேசினால் சுமார் 50 எம்பி ஆகும். வீடியோ அழைப்பென்றால் மணிக்கு 300 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் நடுத்தரத் தெளிவில் மணிக்கு அரை ஜிபி. தினம் ஒரு மணி நேரம் வீட்டோடு வீடியோவில் பேசி, ஒரு மணி நேரம் யூடியூப்பும் பார்த்தால் மாதம் 25 ஜிபி வரும். 50 ஜிபி திட்டம் தாராளம். தீராத டேட்டாவுக்காக மாதம் 5 வெள்ளி கூடக் கொடுத்தால் வருடத்தில் 60 வெள்ளி போகிறது. அதை ஊருக்கு அனுப்பலாம்.

எது நல்ல சிம் அண்ணே? (ஊர், பெயர் எதுவும் இல்லை)

இவ்வளவுதான் கடிதம். தம்பி, எந்த ஃபோன், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று எழுதாமல் நான் எப்படிச் சொல்வேன்?

பொதுவாக ஒன்று சொல்கிறேன். இங்கே சொந்தமாக அலைக்கோபுரம் வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மலிவான பெயர்கள் பல இவற்றின் அலையில்தான் ஓடுகின்றன. கோமோ சிங்டெல்லுடையது, கிகா ஸ்டார்ஹப்புடையது, மேக்ஸ் எம்1 உடையது. அதனால் விளம்பரத்தை விட்டுவிட்டு, உங்கள் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேளுங்கள். எந்த சிம்மில் கட்டிலில் படுத்தபடியே பேச முடிகிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல சிம். சுரங்கத்திலோ கட்டடத்தின் நிலவறையிலோ வேலை என்றால் அங்கே வேலை செய்பவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபோனில் வாட்ஸ்அப் வேலை செய்கிறது. சாதாரண அழைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. சிம் கோளாறா? (பெஞ்சுரு)

சிம்மில் கோளாறு இல்லை. சிங்கப்பூரில் 2017-இல் 2ஜியை மூடிவிட்டார்கள், 2024-இல் 3ஜியையும் மூடினார்கள். இப்போது சாதாரண அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு ஃபோனில் வோல்டீ வசதி இருக்க வேண்டும், உங்கள் மாடலை இங்குள்ள நிறுவனமும் ஏற்க வேண்டும். இந்தியாவில் வோல்டீயில் நன்றாகப் பேசிய ஃபோன்கூட இங்கே பேசாமல் போவதுண்டு. செட்டிங்ஸில் வோல்டீயை ஆன் செய்யுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்படியும் வரவில்லையா, வேறு நிறுவன சிம்மைப் போட்டுப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் ஃபோனை மாற்றத்தான் வேண்டும். வாட்ஸ்அப் போதுமே என்று இருந்துவிடாதீர்கள். வேலையிடத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது.

நண்பரின் நண்பர் ஒருவர், என் பெயரில் சிம் எடுத்துக் கொடுத்தால் 30 வெள்ளி தருகிறேன் என்கிறார். அவருக்கு இன்னும் பெர்மிட் கைக்கு வரவில்லையாம். உதவலாமா? (சுங்கை காடுட்)

கூடாது. வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போய் இணைப்பைத் துண்டியுங்கள்.

முதலில், அவர் சொல்லும் காரணமே பொய். ப்ரீபெய்ட் சிம் வாங்கக் கடவுச்சீட்டு போதும். சுற்றுலாப் பயணி விமான நிலையத்தில் இறங்கியதும் அதைக் காட்டித்தான் வாங்குகிறார். பெர்மிட் வராதவர் உங்களைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஏன் வருகிறார்? ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம்தான் இருக்கலாம் என்பது 2014 முதல் இங்கே விதி. புதிதாக வந்த உங்கள் பெயரில் மூன்று இடமும் காலி. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் இங்கே கூட்டல் குறி விழும், மக்களும் அதைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்கிறார்கள். அதனால் மோசடிக்காரர்களுக்கு உள்ளூர் எண் வேண்டும். உங்கள் பெயரில் உள்ள எண்ணில் வாட்ஸ்அப்போ டெலிகிராமோ திறந்து, யாரோ ஒரு பாட்டியிடம் காவல்துறை பேசுகிறது என்று சொல்லி அவருடைய சேமிப்பை எல்லாம் உருவிவிடுவார்கள். காவல்துறை எண்ணை வைத்துத் தேடும்போது வருவது உங்கள் பெயர்.

2025 ஜனவரி முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். எனக்கு ஒன்றும் தெரியாது, நண்பருக்குத்தான் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என எண்ண வேண்டாம். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்திருப்பீர்கள். அந்தக் கடன் அடைவதற்குள் 30 வெள்ளிக்காக வேலையும் போய், நீதிமன்றத்தில் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை! விடுதிக்கு விடுதி இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஆனாலும் மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் ஊர்க்காரராகவே இருப்பார், முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருக்கும். மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. சில கடைகளில் "ஸ்கேன் சரியாக விழவில்லை" என்று சொல்லி உங்கள் கடவுச்சீட்டை இரண்டாவது முறையும் வாங்குவார்கள். அப்போது உங்களுக்குத் தெரியாமலே இன்னொரு சிம் பதிவாகிவிடலாம். ஏன் மறுபடி ஸ்கேன் என்று கேளுங்கள், திரையைக் காட்டச் சொல்லுங்கள், ஆவணத்தைக் கண்பார்வையை விட்டு எடுத்துப்போக விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) கூட்டத்தில் அவசரமாக வாங்குவதைவிட நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போவது நல்லது. உங்களிடம் இருப்பது ஒரே சிம், ஆனாலும் "மூன்று ஆகிவிட்டது" என்று மறுக்கிறார்களா? யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நிறுவனத்திடம் சொல்லி அந்த எண்களை நிறுத்துங்கள், காவல்துறையிலும் புகார் கொடுங்கள். எது மோசடி, எது இல்லை என்று குழப்பமாக இருந்தால் மோசடி பற்றிய உதவி எண்ணான 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

கம்பெனியே சிம் கொடுத்திருக்கிறது. அது போதாதா?

வேலைக்குப் போதும். வங்கிக் கணக்கையும், அரசாங்க இணையச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸையும் அதில் இணைக்காதீர்கள். வேலையை விட்டால் அந்த எண்ணும் போய்விடும்.

ஒவ்வொரு மாதமும் புது ஆஃபர் பார்த்து சிம் மாற்றுகிறேன். மாதம் 3 வெள்ளி மிச்சம். சரிதானே? (ஜூரோங்)

இல்லை. சம்பளம் விழும் கணக்கு, சிங்பாஸ், மருந்தகம், முதலாளி, அம்மாவின் ஃபோன் என்று எல்லாவற்றிலும் உங்கள் எண் இருக்கிறது. ப்ரீபெய்ட் எண் காலாவதியானால் வேறொருவருக்குப் போகும். அப்புறம் உங்கள் வங்கி அனுப்பும் ஒடிபியும் அவருக்குத்தான் போகும். உங்கள் பெயரில் ஒரே எண், அதை உயிரோடு வைத்திருங்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2008 முதல் இங்கே இருக்கிறது. ப்ரீபெய்ட் எண்ணை அப்படிக் கொண்டுபோக முடியுமா என்று, மாறப்போகும் நிறுவனத்திடம் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். உங்கள் இந்திய வங்கியின் ஒடிபி அதற்குத்தான் வரும். இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வையுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியை ஊரில் யாராவது கவனிக்கட்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை அங்கே நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பை ஊர் எண்ணிலேயே தொடரலாம்.

விடுதியை விட்டு வெளியே போகவில்லை. "மலேசியாவுக்கு நல்வரவு" என்று மெசேஜ் வந்து, 8 வெள்ளி போய்விட்டது! (துவாஸ்)

துவாஸ், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் பக்கம் ஜொகூர் அலை பிடிப்பது வழக்கம். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். டேட்டா ரோமிங்கை நிறுத்துங்கள். மேலே சொன்னதுதான், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இலங்கையிலிருந்து போன என் தம்பி மகன் அகதியாக டொரோண்டோவில் இறங்கியிருக்கிறான். கடன் வரலாறு இல்லை என்று ஃபோன் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என்ன செய்வான்? (ஈசூன், இல்லத்தரசி)

அம்மா, அவர் போஸ்ட்பெய்ட் கேட்டிருப்பார். ப்ரீபெய்ட்டுக்குக் கடன் வரலாறு பார்ப்பதில்லை. அங்கே பப்ளிக் மொபைல், லக்கி மொபைல், சாட்டர் மூன்றும் ப்ரீபெய்ட் தருகின்றன. இவை முறையே டெலஸ், பெல், ராஜர்ஸ் நிறுவனங்களின் மலிவுப் பெயர்கள், அலையும் அவற்றுடையதே. கனடாவில் கட்டணம் சிங்கப்பூரைவிட நன்றாகவே அதிகம், எனவே சிறிய திட்டத்தில் தொடங்கி, நூலக வைஃபையில் வீடியோ பார்க்கட்டும். அவருடைய சமூகக் காப்புறுதி எண்ணை ஃபோன் கடையில் கொடுக்க வேண்டாம், ஃபோன் திட்டத்துக்கு அது தேவையில்லை. 2017 டிசம்பர் முதல் அங்கே நிறுவனங்கள் விற்கும் ஃபோன் பூட்டில்லாமல்தான் இருக்க வேண்டும். அகதிகள் விஷயத்தில் அவசரம் புரிகிறது. வழக்கறிஞரும் குடிநுழைவு அலுவலகமும் அழைப்பது அந்த எண்ணில்தான். அதனால் அவரும் எண்ணை மாற்றக் கூடாது.

வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கலாம் என்கிறார்களே, நானும் செய்யட்டுமா?

செய்யலாம். ஆனால் ஊரிலிருந்து அம்மா சாதாரண அழைப்பில் கூப்பிட்டாலும் வராது. வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.