குளத்துக்கரை கசிந்தால் பயப்படணுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை நெருங்கினால்தான் குளத்துக்கரை ஞாபகம் வரும் போல. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: குளம் நிறைந்தால் கரைக்கு வெளியே, வயலை ஒட்டி ஊறல் வருது. எப்பவும் உள்ளதுதான், ஆனா இந்தத் தடவை கூடுதலாத் தெரியுது. ஆபத்தா அண்ணாச்சி? (கன்னியாகுமரி மாவட்டம், தோவாளை வட்டம்)

பதில்: மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். என்ன நிறத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். வெள்ளை பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் மண் படிந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே ஒரு பொந்து நீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தெளிந்த நீராக, குளத்து மட்டத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துத் தினமும் கவனித்தால் போதும். குளத்தில் மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் அன்றைக்கே அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

கலங்கலாக வந்தால் நம் ஆட்கள் உடனே களிமண்ணை அப்பி அடைக்கப் பார்ப்பார்கள், அது வேண்டாம். அடைபட்ட நீர் பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். நீர் வரட்டும், மண் வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று பரப்புங்கள். மணல் கொப்பளித்துக்கொண்டு வந்தால் சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி உள்ளே கொஞ்சம் நீர் நிற்க விடுங்கள், வேகம் தணியும். கூடவே மடையைத் திறந்து குளத்து மட்டத்தை இறக்க வேண்டும். மடைக் குழாயை ஒட்டியே கசிந்தால் இன்னும் கவனம், மண் சரியாக இறுகாமல் கிடக்கும் இடம் அதுதான்.

கலங்கல் கசிவு எவ்வளவு வேகத்தில் முற்றும் என்பதற்கு ஒரு உதாரணம்: அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் டீட்டன் என்று ஒரு மண் அணை, 90 மீட்டருக்கு மேல் உயரம். 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் ஊற்றைப் பார்த்தார்கள், மத்தியானம் 12 மணிக்குள் உடைந்துவிட்டது. புத்தம் புது அணை, முதல் தடவையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: கரையில் தென்னையும் மாவும் நிற்கிறது. ஓக்கி புயலிலும் விழவில்லை. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்தானே?

பதில்: 2017 நவம்பர் 30-ல் விழாத மரம் அடுத்த காற்றில் விழாது என்று யார் சொன்னது? கரையில் நிற்கும் மரம் சாயும்போது வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும், அதுவும் பெரும்பாலும் குளம் நிறைந்து கிடக்கும் நாளில். வெட்டினாலும் பிரச்சினை தீராது. குற்றியை (அடிமரக்கட்டையை) விட்டுவிட்டால் வேர் உளுத்து, நீர் போக வழி வைத்துவிடும். ஆகவே வெட்டுவதென்றால் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண்ணிட்டு இறுக்க வேண்டும். அதைப் பிப்ரவரிக்கு அப்புறம், கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் வரத்து நின்றபின் செய்யுங்கள். ஐப்பசியில் கோடாலி எடுக்க வேண்டாம். புதிதாகக் கரையில் எதுவும் நடாதீர்கள், புல் மட்டும் இருந்தால் போதும். புதர் மண்டினால் விரிசலும் எலி வளையும் நண்டு வளையும் கண்ணில் படாது.

கேள்வி: மறுகாலில் (குளம் நிறைந்ததும் உபரி நீர் வழிந்து போகும் இடத்தில்) மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி கூடுதலாகத் தேக்குகிறோம். தப்பா?

பதில்: தப்புதான். மறுகாலுக்கு மேலே கரையை உயர்த்தி வைத்திருப்பது பெருவெள்ளத்துக்காகவும் அலைக்காகவும். அந்த ஒரு அடியை நீங்கள் எடுத்துக்கொண்டால் வெள்ளம் கரை மேலேறிப் போகும். மண் கரை மேல் நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரித்து, சில மணி நேரத்தில் உடைந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தின் மச்சு-2 அணையில் வெள்ளம் மண் கரைகளின் மேல் வழிந்துதான் உடைந்தது, மோர்பி நகரமே மூழ்கியது. நம்மூரில் ஒரு குளத்து மறுகால் நீர் அடுத்த குளத்துக்குத்தான் போகிறது, ஒன்று உடைந்தால் கீழே உள்ளதற்கும் ஆபத்து.

மூட்டையைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மீன் குத்தகைக்காரர்கள் மீன் போய்விடக்கூடாது என்று மறுகாலின் குறுக்கே வலை கட்டுகிறார்கள். ஆகாயத்தாமரையும் தாமரை இலையும் வந்து அதில் அடைந்தால் வலை சுவராகிவிடும். குத்தகை ஏலத்தின்போதே இதற்கு ஒரு நிபந்தனை எழுதி வாங்குங்கள். அதே ஆட்கள் மீன் பிடிக்க மடையை முழுசாகத் திறந்து குளத்தை ஒரே மூச்சில் வற்ற வைப்பதும் உண்டு. ஊறிய உள்சரிவு, நீரின் அணைப்பு போனதும் சறுக்கும். கொஞ்சங்கொஞ்சமாக இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தூர்வாரிய மண்ணை அப்படியே கரையில் கொட்டினால் கரை பலமாகும்தானே?

பதில்: ஆகாது, உயரமாகத் தெரியும் அவ்வளவுதான். பழைய கரையைப் படிபோல் வெட்டி, புல்லையும் வேரையும் நீக்கி, சுமார் 15-20 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, ஈரம் பார்த்து உருளையால் இறுக்க வேண்டும். வண்டல் தனியாகக் கரைக்கு ஏற்றதில்லை, வயலுக்கு நல்லது. ஜேசிபி கரையடியை ஒட்டித் தோண்டுகிறதா என்றும் பாருங்கள், அடி போனால் கரை சரியும்.

கேள்வி: அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் எங்கள் குளம் வருமா?

பதில்: 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு, 10 முதல் 15 மீட்டர் என்றால் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகள் உண்டு. நம் குளங்கள் பெரும்பாலும் வராது. குளம் நீர்வளத்துறையிடமா, ஊராட்சியிடமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: உடையும் நிலை வந்தால் நாமே கரையை வெட்டிவிடலாமா?

பதில்: கூடாது. வெட்டிய வாய் நீங்கள் நினைத்த அளவில் நிற்காது. 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் கராம் அணை கசிந்தபோது கால்வாய் வெட்டித்தான் நீரை இறக்கினார்கள், ஆனால் கீழே உள்ள கிராமங்களைக் காலி செய்துவிட்டு, பொறியாளர்களும் ராணுவமும் நின்று செய்த வேலை அது. நீங்கள் 1077-க்கு (மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை) போன் செய்து சொல்லிவிட்டு, கீழ்ப்பக்கத்து வீடுகளுக்கு ஆள் அனுப்புங்கள். அந்த நேரத்தில் கரை மேல் நின்று வீடியோ எடுக்க வேண்டாம்.