வாசகர் கேள்வி பதில்: ஒளியை முந்த முடியுமா?

கே: ஒலியின் வேகத்தைத் தாண்டவே முடியாது என்றார்கள், தாண்டினோம். அதுபோல எஞ்சினின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒளியின் வேகத்தையும் ஒருநாள் தாண்டிவிடலாம் அல்லவா?

ப: இரண்டும் ஒன்றல்ல. 1947-இல் விமானம் ஒலியை முந்துவதற்கு வெகுகாலம் முன்பே துப்பாக்கிக் குண்டுகள் முந்திவிட்டன. அங்கே இருந்தது காற்றோடு மல்லுக்கட்டும் பொறியியல் சிக்கல். விநாடிக்கு 2,99,792.458 கி.மீ. என்ற ஒளியின் வேகத்தை இதுவரை எந்தத் துகளும் முந்தியதில்லை. கூடுதல் சக்தி கொடுத்துப் பார்க்காமலும் இல்லை.

1964-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வில்லியம் பெர்ட்டோஸி எலெக்ட்ரான்களை 8.4 மீட்டர் பறக்கவிட்டு நேரத்தை அளந்தார். நியூட்டனின் கணக்குப்படி 15 மெகா எலெக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள எலெக்ட்ரான் ஒளியைப் போல ஏழரை மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அளந்தபோது அது ஒளியின் வேகத்தை ஒட்டியே நின்றது. கொடுத்த ஆற்றல் எங்காவது கசிந்துபோயிருக்குமோ? எலெக்ட்ரான்கள் போய் மோதிய அலுமினியத் தட்டு எவ்வளவு சூடானது என்றும் அவர் அளந்தார். ஆற்றல் முழுவதும் வந்து சேர்ந்திருந்தது, வேகம் மட்டும் ஏறவில்லை.

ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் துகள்களை முடுக்கி மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவியில் இதை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். புரோட்டான்கள் 450 கிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வளையத்துக்குள் நுழைகின்றன. அப்போதே அவை ஒளியைவிட விநாடிக்குச் சுமார் 650 மீட்டர்தான் பின்தங்கியிருக்கின்றன. பிறகு ஆற்றலை 6,800 வரை, அதாவது 15 மடங்கு ஏற்றுகிறார்கள். 650 மீட்டர் 3 மீட்டராகக் குறைகிறது. இன்னும் எவ்வளவு ஏற்றினாலும் அந்த இடைவெளி குறையுமே தவிர பூஜ்யமாகாது.

கே: 2011-இல் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தியதாகச் செய்தி வந்ததே, என்ன ஆயிற்று?

ப: நியூட்ரினோ என்பது எதன் ஊடாகவும் ஏறக்குறையத் தடையின்றிச் செல்லும் மிக லேசான துகள். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு 730 கி.மீ. தூரம் பூமிக்குள்ளாகவே நியூட்ரினோக்களை அனுப்பினார்கள். ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 60 நானோவிநாடி முன்னதாக வந்ததாக ஓபெரா குழு அறிவித்தது. ஒளிக்கு அது 18 மீட்டர் தூரம்.

காரணம், சரியாகத் திருகப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு. ஜி.பி.எஸ். நேரத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் அந்த இழையில் ஒளி மங்கலாக வந்ததால், துடிப்பை உணரும் சுற்று தாமதமாகவே விழித்தது. கடிகாரம் பின்தங்கியது, நியூட்ரினோ முந்தியதுபோலத் தெரிந்தது. 2012-இல் அதே இடத்தில் இக்காரஸ் குழு அளந்தபோது வேகம் ஒளியோடு ஒத்துப்போனது.

பலர் முதலிலேயே சந்தேகப்பட்டதற்கு 1987-இல் வெடித்த விண்மீன் ஒரு காரணம். சுமார் 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த அதன் நியூட்ரினோக்கள், வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் முன்பு பூமியை எட்டின. அவை மையத்திலிருந்து நேரே கிளம்பிவிட்டன. வெளிச்சமோ வெடிப்பின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பை அடையும்வரை காத்திருந்தது. ஓபெரா சொன்ன வேகம் உண்மையென்றால் அந்த 3 மணி நேரம் 4 ஆண்டாக இருந்திருக்கும். தன் வியப்பூட்டும் முடிவைத் தானே துருவிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்து வெளியிட்டதற்காக அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும்.

கே: குவாண்டம் பின்னலில் ஒரு துகளைத் தொட்டால் இன்னொன்று உடனே மாறுகிறதாமே? அதைக் கொண்டு செய்தி அனுப்பலாமா?

ப: முடியாது. பின்னல் என்பது, தூரத்தில் பிரித்து வைத்தாலும் இரு துகள்களின் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பது. இரு முனைகளிலும் கிடைப்பது தாறுமாறான 0, 1 வரிசைதான். இரண்டுக்கும் உள்ள தொடர்பு, பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். ஒப்பிட வேண்டுமானால் ஒரு பட்டியல் சாதாரண வழியில், ஒளிக்கு மிஞ்சாத வேகத்தில், வந்துசேர வேண்டும்.

கே: ஒளியை முந்தினால் காலத்தில் பின்னால் போய்விடலாம் என்கிறார்களே, அது எப்படி?

ப: பின்வரும் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு கப்பல் ஒளியின் வேகத்தில் 80 சதவீதத்தில் பூமியை விட்டு விலகுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல்படி, நகர்ந்துகொண்டிருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடும்; இந்த வேகத்தில் அது 0.6 பங்கு வேகத்தில்தான் ஓடும். கணநேரத்தில் போய்ச் சேரும் செய்திக் கருவி இரு தரப்பிடமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கப்பல் கிளம்பியதிலிருந்து எண்ணி, 300-ஆவது நாளில் பூமி ஒரு கேள்வி அனுப்புகிறது. பூமியின் கணக்கில் அந்தக் கணத்தில் கப்பலின் கடிகாரம் 300 × 0.6 = 180-ஆவது நாளைக் காட்டும். கப்பல் உடனே பதில் அனுப்புகிறது. ஆனால் கப்பலில் இருப்பவர்களுக்கு நகர்ந்துகொண்டிருப்பது பூமிதான், மெதுவாக ஓடுவதும் பூமியின் கடிகாரம்தான். அவர்களுடைய ‘இப்போது’ என்பது பூமியில் 180 × 0.6 = 108-ஆவது நாள். ஆக, 300-ஆவது நாள் கேட்ட கேள்விக்கு 108-ஆவது நாளே பதில் வந்துவிடுகிறது. பதிலைப் படித்த பூமி கேள்வியை அனுப்பாமல் விட்டுவிட்டால்?

கணநேரச் செய்திதான் வேண்டும் என்பதில்லை. ஒளியைவிடச் சற்றே வேகமான செய்தியானாலும், கப்பலின் வேகத்தைத் தகுந்தபடி கூட்டினால் இதே முரண்பாடு வரும். எங்கள் பார்வையில் ஒளியை முந்துவதற்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான். எஞ்சின் எப்படிப்பட்டதாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கே: வெளியையே வளைத்துப் பயணிக்கலாம் என்ற யோசனை என்ன நிலையில் இருக்கிறது?

ப: 1994-இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே முன்வைத்த யோசனை அது. கப்பலுக்கு முன்னால் வெளி சுருங்கும், பின்னால் விரியும், நடுவிலுள்ள குமிழிக்குள் கப்பல் அசையாமல் இருக்கும். ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலின் சமன்பாடுகள் இதைத் தடுக்கவில்லை. வெகுதூர விண்மீன் கூட்டங்கள் ஒளியைவிட வேகமாக நம்மைவிட்டு விலகுவதும் வெளி விரிவதால்தான்.

இடிப்பது எதிர்மறை ஆற்றலில், அதாவது வெற்றுவெளியைவிடவும் குறைவான ஆற்றலில். குமிழியின் சுவரில் அது நிறைய வேண்டும். ஃபென்னிங், ஃபோர்ட் இருவரும் 1997-இல் போட்ட கணக்கில், காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதன் நிறையும் போதவில்லை. 1999-இல் வான் டென் புரூக் குமிழியின் வடிவத்தை மாற்றி அதைச் சில சூரியன்கள் அளவுக்குக் குறைத்தார். நம் கையில் இருப்பது, மிக நெருங்கிய தட்டுகளுக்கு இடையே சிறிது எதிர்மறை ஆற்றல் உண்டாகும் கேசிமிர் விளைவு. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு உலோகத் தட்டுகளை ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், இடையே உள்ள எதிர்மறை ஆற்றல் ஒரு ஜூலில் சுமார் 230 கோடியில் ஒரு பங்கு. தட்டுகளின் சொந்த நிறையைச் சேர்த்தால் மொத்தம் நேர்மறைக்கே திரும்பிவிடும்.

ஆற்றல் கிடைத்தாலும் குமிழியை ஓட்ட முடியாது. அது ஒளியை முந்தும்போது உள்ளிருந்து அனுப்பும் எந்தக் கட்டளையும் முன்சுவரை எட்டாது. திருப்பவோ நிறுத்தவோ வழியில்லை. 2024-இல் நேர்மறை ஆற்றலை மட்டும் கொண்ட ஒரு குமிழி வடிவம் வெளியானது. நல்ல முன்னேற்றம், ஆனால் அது ஒளியைவிட மெதுவாகச் செல்லும் குமிழி.

கே: அப்படியானால் ஒரு மனிதன் தன் ஆயுளுக்குள் விண்மீன்களை அடையவே முடியாதா?

ப: அடைய ஒளியை முந்தத் தேவையே இல்லை! பிராக்ஸிமா விண்மீன் 4.24 ஒளியாண்டு தூரம். பாதி தூரம் பூமியின் ஈர்ப்புக்குச் சமமாக முடுக்கி, மீதிப் பாதியில் அதே அளவு வேகத்தைத் தணித்தால், உச்ச வேகம் ஒளியின் வேகத்தில் 95 சதவீதம். பூமியில் 5.9 ஆண்டு ஓடியிருக்கும், பயணிக்கோ மூன்றரை ஆண்டுதான் ஆகியிருக்கும்.

தடை எரிபொருள்தான். பொருளும், அதோடு சேர்ந்தால் இரண்டுமே அழிந்து ஆற்றலாகிவிடும் எதிர்ப்பொருளும் முழுக்க ஒளியாக மாறிப் பின்னால் பாயும் குறையற்ற ராக்கெட் என்றே கொண்டாலும், ஒரு டன் கப்பலுக்கு 38 டன் எரிபொருள் வேண்டும். அதில் பாதி, 19 டன், எதிர்ப்பொருள். உலகின் ஆய்வகங்கள் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு தேறாது.