தாத்தாவின் என்ஃபீல்டுக்கு எந்த போல்ட்?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து த்ரீ நாட் த்ரீ என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில். தவறாமல் புதுப்பித்து வருகிறோம். அதில் .303 என்றே எழுதியிருக்கிறது. சுட்டுப் பல வருடமாகிறது. நினைவுக்காகத்தான் வைத்திருக்கிறோம். பேரலின் மேல் இருக்க வேண்டிய முன்பக்க மரமூடி இல்லை, தோளில் வைக்கும் பட் கட்டையில் விரிசல். ரைஃபிளில் ஒரு நம்பர், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கைப்பிடியில் வேறு நம்பர். புதுச்சேரியில் பழம்பொருள் விற்கும் ஒருவர் போல்ட், மரமூடி, பட் மூன்றையும் சேர்த்து விலை சொல்கிறார். "ஒரிஜினல் என்ஃபீல்டு, எந்த என்ஃபீல்டுக்கும் பொருந்தும்" என்கிறார். பிடிமானத்துக்குப் பக்கத்தில் உள்ள இரும்பில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், 1942, மூன்று கோடும் ஒரு நட்சத்திரமும் தெரிகின்றன. வாங்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: போல்ட்டை வாங்கவே வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேளுங்கள். திரும்ப வராவிட்டாலும் போகட்டும், போல்ட் வீட்டுக்கு வரக்கூடாது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். விற்பவருக்கு ஆயுத வியாபார லைசென்ஸ் இருக்க வேண்டும். பழம்பொருள் கடை என்ற பெயர் அதற்கு ஈடாகாது. "சின்னச் சின்ன பாகத்துக்கு விலக்கு உண்டு" என்று அவர் சொல்லக்கூடும். விலக்கு உண்டுதான், 45ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு மட்டும். உங்களிடம் முழு ரைஃபிளே இருக்கிறது. அதில் மாட்டத்தான் வாங்குகிறீர்கள். அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. போதாததற்கு .303, 7.62 மி.மீ. இரண்டும் ராணுவத் தோட்டா போடக்கூடிய தடை செய்யப்பட்ட 'போர்' (bore, குழல் அளவு) வகை. சாதாரண ரைஃபிளை விட இதில் கெடுபிடி அதிகம்.

இரண்டாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. என்ஃபீல்டில் போல்ட் என்பது கழற்றி மாட்டும் பொதுச் சாமான் இல்லை. போல்ட்டின் பின்பகுதியில் உள்ள இரண்டு பிடிப்புகளும் ரைஃபிளின் உடலில் சமமாக அழுந்தும்படி தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக இழைத்துச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த பிறகுதான் இரண்டிலும் ஒரே நம்பரை அடிப்பார்கள். தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளிக்கு .303-இல் 0.064 அங்குலம் முதல் 0.074 அங்குலம் வரைதான் இடம். கீழ் அளவுக்கும் மேல் அளவுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். வேறு ரைஃபிளின் போல்ட்டை மாட்டினால் இந்த அளவு எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. கூடிப்போனால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கி வரும்.

இதில் உங்கள் ரைஃபிளுக்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இப்போது இருக்கும் போல்ட்டும் அதனுடையது அல்ல என்று நம்பரே சொல்கிறது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் கேஜ் என்ற அளவுக்கருவி வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாவும் போட வேண்டாம்.

இனி, எந்த பாகம் எதற்கு என்ற விஷயம். விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு, நீங்கள் எழுதிய அந்த இரும்பைப் படிக்க வேண்டும். பட் கட்டை வந்து நுழையும் வளையம் போன்ற பகுதி அது; வலப்பக்கத்தில் முத்திரை இருக்கும். ஜி.ஆர்.ஐ. என்பது பேரரசர் பட்டத்தோடு சேர்ந்த மன்னரின் முத்திரை. 1942 என்ற ஆண்டோடு பார்த்தால், இது வங்காளத்தில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். மூன்று கோடும் நட்சத்திரமும் 'மார்க் மூன்று நட்சத்திரம்' என்ற மாதிரியைக் குறிக்கும். 1907இல் வந்த மார்க் மூன்றில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) மறைக்கும் தகடு, தொலைதூரக் குறிக்கான பக்கவாட்டு சைட் (குறிபார்க்கும் பாகம்), பின் சைட்டை இடவலமாக நகர்த்தும் திருகு எல்லாம் உண்டு. முதல் உலகப்போரின் அவசரத்தில் 1916இல் இவற்றை நீக்கியதுதான் நட்சத்திர வகை. ஆகவே "இது அரிய பாகம், உங்கள் ரைஃபிளில் இல்லை" என்று அந்தத் தகட்டையோ பக்கவாட்டு சைட்டையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். உங்களுடையதில் அது இல்லாமல் இருப்பதுதான் சரி.

"எந்த என்ஃபீல்டுக்கும் பொருந்தும்" என்பது தவறு. உங்களுடையது நம்பர் ஒன்று வகை. முனையில் பேரல் வெளியே நீளாது. மொத்தையான மூக்கு இரும்பு அதை மூடியிருக்கும், பின் சைட் பேரலின் மேல் இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து நம்பர் நான்கு வகையில் பேரல் முனை வெளியே தெரியும், பின் சைட் கண்ணுக்கு அருகே துளையோடு இருக்கும். அதன் போல்ட் ஹெட்டும் (போல்ட்டின் முன்முனைத் துண்டு) மேல் மரமும் உங்களுடையதில் சேராது. போல்ட் ஹெட்டின் மேல் 0, 1, 2, 3 என்று ஏதாவது ஓர் அளவு எண் இருந்தால் அது நம்பர் நான்குக்கு உரியது என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் குழப்பம் தரும் மூன்றாவது ஒன்றும் உண்டு. 1960களில் இஷாப்பூரே 7.62 மி.மீ. தோட்டாவுக்காகப் புதிதாகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள். பார்க்க உங்களுடையது போலவே இருக்கும், மரமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மேகசின் மட்டும் சதுரமாக இருக்கும், 12 தோட்டா கொள்ளும். அந்த மேகசினும் போல்ட் ஹெட்டும் .303க்கு ஆகாது.

உங்களுக்கு உண்மையில் தேவை அந்த முன் மரமூடி ஒன்றுதான். பின் சைட்டிலிருந்து மூக்கு இரும்பு வரை போகும் துண்டு அது. பிரிட்டிஷ் தயாரிப்பில் வால்நட் மரம், ஆஸ்திரேலியாவின் லித்கோ தயாரிப்பில் அந்நாட்டு மரங்கள் என்று நிறமும் இழையும் மாறும். நிறம் ஒட்டாவிட்டால் பாதகமில்லை, பட்டாளத்திலேயே கிடைத்ததை மாட்டித்தான் பயன்படுத்தினார்கள். பேரலுக்குக் கீழே உள்ள அடிமரத்தில் மேகசினுக்கு முன்னால் குறுக்கே ஒரு திருகு போயிருந்தால் பதற வேண்டாம். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்ட பலம் அது, யாரோ செய்த கோளாறு அல்ல.

பட் கட்டையை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. மயிரிழை விரிசலை நல்ல தச்சரே ஒட்டிவிடலாம். ஆனால் துப்பாக்கியைத் தச்சரிடம் விட்டு வரக்கூடாது; கட்டையை மட்டும்தான் கொடுக்க வேண்டும். அதைக் கழற்றும் இடத்தில்தான் பலர் நல்ல ரைஃபிளைக் கெடுக்கிறார்கள். பட் கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியின் முனை சதுரம். அது அடிமரத்தின் பின்பக்கத் தகட்டுக்குள் பூட்டிக்கொண்டு நிற்கும். அடிமரத்தைக் கழற்றாமல் பின்னாலிருந்து அந்தத் திருகாணியைத் திருப்பினால் அடிமரம் பிளந்துவிடும். முதலில் அடிமரம், பிறகுதான் பட். பழுதுபார்ப்பவரிடமும் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பட்டின் மேல்புறத்தில் எழுத்து இருக்கிறதா பாருங்கள். எல் என்றால் நீளம், எஸ் என்றால் குட்டை, பி என்றால் அதைவிடக் குட்டை; எழுத்தே இல்லாவிட்டால் சாதாரண அளவு. உங்கள் பழைய பட்டில் உள்ளதையே தேடுங்கள். திருகாணிகளுக்கு இரும்புக் கடைக்குப் போக வேண்டாம். என்ஃபீல்டின் மரை தனி. கிடைத்ததை வைத்து முறுக்கினால் உள்மரை போய்விடும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "போல்ட்டில் உங்கள் ரைஃபிள் நம்பரையே அடித்துத் தருகிறேன், ஒரே நம்பர் ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். துப்பாக்கியில் உள்ள பெயர், நம்பர், அடையாளத்தை அழிப்பதும் மாற்றுவதும் போலியாக அடிப்பதும் 8ஆம் பிரிவின்படி குற்றம். அதோடு, சேகரிப்பவர்கள் மதிக்கிற உண்மையையும் அது கொன்றுவிடுகிறது. நம்பர் மாறிய போல்ட் ஒரு ரைஃபிள் பட்டாளத்தில் உழைத்ததைக் காட்டும். பொய்யாக அடித்த நம்பர் ஏமாற்றைத்தான் காட்டும். அதே காரணத்துக்காக மரத்தில் உப்புத்தாள் போடாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள், முத்திரைகள் தேய்ந்துபோகும். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் போதும். கடலூர்க் கடற்காற்றுக்கு இரும்பில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கட்டும்.

மரமூடியையும் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடை வழியாகவே, அப்பாவின் லைசென்ஸைக் காட்டி, பில் போட்டு வாங்குங்கள். ரைஃபிளை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போக வேண்டி வந்தால், லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதை முதலில் பாருங்கள். புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் வேறு ஆட்சிப்பகுதி. சந்தேகம் இருந்தால் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: என் மாமனாரின் அப்பா சொல்தாவாக (பிரெஞ்சுப் பட்டாள வீரராக) இருந்தவர். அவர் பெட்டியில் நீளமான ஊசி போன்ற ஒரு பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) கிடைத்தது. வெள்ளை உலோகக் கைப்பிடி. பார்த்த ஒருவர் "என்ஃபீல்டு பயனெட், என்னிடம் ரைஃபிள் இருக்கிறது, கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அது என்ஃபீல்டுக்கு உரியதே அல்ல அம்மா. நீங்கள் எழுதியிருப்பது 1886ஆம் ஆண்டு பிரெஞ்சு லெபெல் ரைஃபிளின் பயனெட். அலகைக் குறுக்கே பார்த்தால் சிலுவை வடிவம் தெரியும். அலகின் நீளம் ஏறக்குறைய 52 செ.மீ. இருக்கும். என்ஃபீல்டின் 1907 பயனெட் தட்டையான கத்தி, 17 அங்குல அலகு. நம்பர் நான்கு என்ஃபீல்டுக்கு உரியது 8 அங்குலக் குச்சி. பிற்காலத்து பிரெஞ்சு மாஸ் 36 ரைஃபிளின் பயனெட்டும் ஊசிதான், ஆனால் அதற்குக் கைப்பிடி கிடையாது. பேரலுக்குக் கீழே குழாய்க்குள் திருப்பிச் செருகி வைப்பார்கள்.

கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள குறுக்கு இரும்பில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அது எந்த ரைஃபிளோடு கொடுக்கப்பட்டதோ அதன் எண். அந்தக் குறுக்கு இரும்பில் வளைந்த கொக்கி இருந்தால் பழைய வடிவம். முதல் உலகப்போரின்போது கொக்கியை நீக்கிவிட்டார்கள். பயனெட்டை அந்தச் சொல்தாவின் லிவ்ரே மிலித்தேர் (ராணுவச் சேவைப் புத்தகம்), மெடல்கள், புகைப்படம் எல்லாவற்றோடும் ஒன்றாக வையுங்கள். பிரித்து விற்றால் அது வெறும் இரும்பு. புதுச்சேரியில் இப்படி எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் துண்டு துண்டாகப் போய்விட்டன.

சட்டப்படி பயனெட் கூர்முனை ஆயுதப் பட்டியலில் வருகிறது. அறிவிக்கை செய்யப்பட்ட இடங்களில் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் '1943 ஒரிஜினல் ரைஃபிள் வார்' (தோளில் மாட்டும் பட்டை) என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தது புத்தம் புதிய நகல். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நகல் விற்பது தவறல்ல. நகலை ஒரிஜினல் என்று விற்பது முறையற்ற வணிகம். அந்த விளம்பரப் பக்கத்தை நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பழைய பருத்தி வாரில் பித்தளை முனைக்கு அருகே தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டும் இருக்கும். உங்களுடையதில் அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மேல் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாரை வெட்டவோ துவைக்கவோ வேண்டாம்; வந்த பார்சல் அட்டையோடு அப்படியே எடுத்து வையுங்கள்.